விருந்துத் தண்ணி

என் அப்பாவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு வத்தலை எடுத்து உடைத்து நாக்கில் வைத்தார் என்றால், அது எந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது, எடை கூட்டத் தண்ணீர் தெளித்தார்களா என்பதுவரை சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரை ஒரு செம்புத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டார்கள். கவிழ்ந்தது அவர், முழுகியது நான். அதனால் இந்தக் கதையைச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

அறுபதுகளின் நடுவில் எனக்கு வரன் வந்தது. எங்கள் ஆட்களில் டவுனில் இருப்பவர்களுக்குக் கடை, கிராமத்தில் இருப்பவர்களுக்குக் காடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கும். மாப்பிள்ளையின் ஊர் பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமி. பருத்தி, கம்பு, கொஞ்சம் மல்லி. அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதும் எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வெற்றிலை, சுருட்டு உண்டா என்றும் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அருப்புக்கோட்டை ஒன்றும் ஆற்றங்கரை ஊர் இல்லையே! குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பாதி நாள் காத்துக் கிடந்து வளர்ந்தவள் நான். போகிற இடத்திலாவது மகளுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பது அவர் நினைப்பு. செம்பை அண்ணாந்து குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "தண்ணி எளநி கணக்கா இருக்கு. புள்ள கண்ணு கலங்காது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது, கல்யாணம் முடிவானது.

கல்யாணத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்த மூன்றாம் நாள், ஊர்ப் பொதுக்கிணற்றில் நானே இறைத்து வந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தேன். அப்படியே துப்பிவிட்டேன். தொண்டைக்குள் போவதற்கு முன்பே கரித்தது. குடத்தில்தான் ஏதாவது பட்டுவிட்டதோ என்று வேறு செம்பில் மொண்டு பார்த்தேன். அதுவும் கரித்தது. "என்ன அத்தை, தண்ணி இப்பிடி உப்புக் கரிக்குது?" என்று சமையலறையிலிருந்து சத்தமாகக் கேட்டேன்.

என் மாமியார் ஓடி வந்தார். "மெதுவாப் பேசு தாயி, தெருவுல ஆளு போகுது" என்றார். பிறகு என் தோளைத் தொட்டு, ஏதோ எனக்குச் செய்த பெருமையைச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒங்கப்பாரு குடிச்சது குண்டாத்து ஊத்துத் தண்ணி. வண்டி பூட்டிப் போயில்ல கொண்டாந்தோம்! சும்மா வந்துருவாகளா சம்பந்தம்?"

 ஏமாற்றிவிட்டோம் என்ற கூச்சம் அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை. நான்தான் வெட்கப்பட்டு நின்றேன்.

அப்புறம்தான் எனக்கு அந்த ஊரின் சட்டம் புரிந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றால், முந்தின நாளே ஒரு வண்டி நாலைந்து மைல் தள்ளி இருக்கும் குண்டாற்றுக்குப் போகும். மணலில் ஊற்றுத் தோண்டி, நாலு குடம் நிரப்பி, வைக்கோல் வைத்து அடைத்துக் கொண்டுவருவார்கள். அதற்கு விருந்துத் தண்ணி என்று பெயர். வருகிறவர்கள் அதில்தான் குடிப்பார்கள், அதில்தான் காப்பி, அதில்தான் பருப்பு வேகும். வந்தவர்கள் எந்த வீட்டுப் படியேறித் தண்ணீர் கேட்டாலும் கொடுப்பதற்கு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆளுக்கு ஒரு செம்பு போய்விடும். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பங்காளிகள் இரண்டு பேர் எங்கள் தெருவில் இருந்தார்கள். ஒருவன் மகனுக்குப் பெண் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் மற்றவன் தன் வண்டியைப் பூட்டிக் குண்டாற்றுக்குப் போனான். அவ்வளவு ஒற்றுமை! தண்ணீர் உப்பு என்று வெளியூர்க்காரன் காதில் விழுந்துவிட்டால் அந்த ஊரில் ஒரு பயலுக்கும் பெண் கிடைக்காது. தண்ணியில்லாக் காட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்?

என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவுக சொல்லிருக்காக. நாங்க சொன்னது ஒரு பொய்யிதான்" என்று சிரித்தார். நல்ல மனிதர். கோபம் வராது, கை ஓங்கமாட்டார். அதனாலேயே அவரிடம் சண்டையை ஜெயிக்க முடியாது. நானும் நாளாக ஆக அந்தத் தண்ணீருக்குப் பழகினேன். பெண்பிறவி எதற்குத்தான் பழகாது.

ஆனால் தண்ணீர் எங்களுக்குப் பழகி நிற்கவில்லை. அது மாறிக்கொண்டே போனது. ஊரைச் சுற்றித் தோட்டக் கிணறுகளில் ஆயில் இன்ஜின் வந்தது. காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை இன்ஜின் சத்தம். நீர்மட்டம் இறங்க இறங்க, வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் தண்ணீர் வந்தது, கூடவே உப்பும் வந்தது. மழை வேறு இரண்டு மூன்று வருஷம் பொய்த்து, ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பொதுக்கிணறு ஒன்றுதான் கதி.

அந்த மாற்றத்தை நான் நாக்கால் அளக்கவில்லை, அடுப்பால் அளந்தேன். நான் வந்த வருஷம் ஒரு கட்டுப் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியை, எரித்தால் துவரம்பருப்பு குழைந்துவிடும். மூன்றாம் வருஷம் ஒன்றரைக் கட்டு. மகள் பிறந்து நடக்க ஆரம்பித்தபோது இரண்டு கட்டு எரித்தும் பருப்பு விதை விதையாக நின்றது. பால் ஊற்றினால் காப்பி திரிந்தது. சோப்புப் போட்டால் நுரைக்குப் பதிலாகப் பிசுக்குத்தான் வந்தது. பானை விளிம்பில் வெள்ளை பூத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. கிணற்றடியில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். ஆனால் பேச்சு எப்படி வரும் தெரியுமா? "எங்க வீட்டுல இன்னைக்கு ரெண்டு கட்டு மாரு போச்சுக்கா." "எங்க வீட்டுல ரெண்டரை." அவ்வளவுதான். உப்பு என்ற சொல்லை ஒருத்தியும் எடுக்கமாட்டாள். ரொம்ப மிஞ்சிப்போனால், "தண்ணி செத்தக் கனமா இருக்கு" என்பாள். ஆண்களிடம் கேட்டால் அதுவும் கிடையாது. "நம்ம தாத்தன் குடிச்ச தண்ணிதான, அப்பிடியேதான் இருக்கு" என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு கிணற்றையே மறைத்தவர்களை அங்கேதான் பார்த்தேன்.

மகளுக்கு நாலு வயது முடிந்த சமயம், ஒன்றுக்குப் போகும்போது அழ ஆரம்பித்தாள். முதலில் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். அழுகை நிற்கவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு, உடம்பை முறுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து நின்று அழுவாள். அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு சேருதும்மா. நல்ல தண்ணியா நெறையக் குடிக்கக் குடு. அதுதான் மருந்து" என்றார்.

ஊருக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் வண்டி கேட்டேன். வாரம் ஒரு முறை குண்டாற்றுக்குப் போய் இரண்டு குடம் கொண்டுவந்தால் பிள்ளைக்குப் போதும். அவர் சரி என்றார். மாமியார் குறுக்கே வந்தார். பேத்தி மேல் உயிர் அவருக்கு. அவள் அழுதால் கூடவே உட்கார்ந்து அழுவார், கோயிலில் காசு முடிந்து வைத்தார். ஆனாலும் சொன்னார்: "வாரா வாரம் ஆத்துக்கு வண்டி போனா, வழியில பாக்கிறவன் என்னன்னு நெனப்பான்? அந்த ஊருல தண்ணி குடிக்க ஆகாதுன்னு பேசமாட்டானா? சின்னவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம் தாயி. கொஞ்ச நாளு பொறு."

சின்னவர் என்பது என் கொழுந்தனார். முப்பதைத் தொடப்போகிறார். நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஏறக்குறையப் படிந்து வந்திருந்தது. என் வீட்டுக்காரர் தம்பி முகத்தைப் பார்த்தார், வண்டிப் பேச்சை விட்டுவிட்டார். சம்பந்தி வந்தால் வண்டி பூட்டுகிற ஊர் என் மகளுக்குப் பூட்டவில்லை. நானும் அதற்கு மேல் வாதாடவில்லை. ஊர்த் தண்ணீரையே காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தேன். காய்ச்சக் காய்ச்ச உப்பு கூடத்தான் செய்யும் என்று எஸ்.எஸ்.எல்.சி. படித்த எனக்கு அப்போது உறைக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மகள் மறுபேச்சு இல்லாமல் டம்ளர் டம்ளராகக் குடித்தாள். அவளுக்குத் தெரிந்த தண்ணீரே அதுதான்.

இப்படி இருக்கையில்தான், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை பஸ்ஸில் பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்து இறங்கினார். அவர் வரப்போவது முந்தின நாளே தலையாரி மூலம் தெரிந்துவிட்டது. சொல்லவேண்டுமா? வண்டி குண்டாற்றுக்குப் போய் வந்தாயிற்று. சாவடி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, வந்தவருக்குச் செம்பு நிறையக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "நல்ல தண்ணியா இருக்கே!" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். ஊர் ஊராகத் தண்ணீரைப் பார்க்கிறார்கள். எந்த ஊரில் தண்ணீர் கெட்டுப் போயிருக்கிறதோ, அந்த ஊருக்கு முதலில் மிஷின் வந்து போர் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுக்கும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னார்.

பெண்கள் நாங்கள் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.  சாமியே பஸ் ஏறி வந்துவிட்டதாக நினைத்தேன். இப்போது யாராவது வாயைத் திறப்பார்கள், இதற்கு மேலா மறைப்பார்கள் என்று ஒவ்வொரு ஆணின் முகமாகப் பார்த்தேன்.  அப்போது ஒருவர் பேச்சுவாக்கில், "அய்யாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். வந்தவர், "நரிக்குடிப் பக்கம்" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. எங்கள் ஊர் இளவட்டங்களில் பாதிப் பேருக்குப் பெண் வரவேண்டியது அந்தப் பக்கத்திலிருந்துதான். கூட்டத்தில் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தண்ணிக்கு இங்க ஒரு கொறையும் இல்லீங்க. இந்தத் தண்ணி நாலு ஊருக்குக் கெடையாது. முடிஞ்சா ரோட்டப் போட்டுக் குடுங்க" என்றார். "ஆமா, ரோடுதான் வேணும்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

 வீட்டில் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, இவர்கள் ரோடு கேட்கிறார்கள்!

வந்தவருக்கு அன்று இன்னும் இரண்டு ஊர் பாக்கி. எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். டவுனில் படித்த பிள்ளை என்று என்னைக் காட்டினார்கள். என் கையில் ஒரு தாளையும் மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டிலையும் கொடுத்தார். பொதுக்கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மேலே ஊர்ப் பெயரை எழுதி ஒட்டி, தாளில் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதி வைக்கவேண்டும். சாயந்தர பஸ்ஸுக்கு வந்து வாங்கிக்கொள்வார். பாட்டில் சோதனைக்குப் போகும்.

கடவுள் என் கையிலேயே கொடுத்துவிட்டார் என்று இருந்தது. ஆண்கள் என்ன சொன்னால் என்ன, பாட்டிலில் இருக்கப்போவது கிணற்றுத் தண்ணீர். அதைச் சோதித்துப் பார்க்கிறவனுக்கு மானமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. பாட்டிலை அடுப்படியில் வைத்துவிட்டு, கிணற்றுக்குப் போக வாளியையும் கயிற்றையும் எடுக்கக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாட்டில் நிரம்பியிருந்தது. மாமியார் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் விருந்துத் தண்ணிக் குடம்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. "என்ன அத்தை செஞ்சீக? இது குடிக்கக் கேக்கல. சோதிக்கிறதுக்குக் கேக்கிறாக!"

"சோதிக்கத்தான் தாயி எல்லாரும் வாராக" என்றார் நிதானமாக. "ஒங்கப்பாரு மட்டும் என்ன, தாகத்துக்கா கேட்டாரு? அரசாங்கத்து ஆளு நம்ம வாசலுக்கு வந்து தண்ணி கேட்டுருக்காக. அவுகளுக்குப் போயி அந்தத் தண்ணியவா குடுக்கிறது?"

அவர் சூது செய்யவில்லை. வந்தவருக்கு இருப்பதில் நல்லதைக் கொடுக்கவேண்டும் என்று பிறந்த நாளிலிருந்து படித்தவர். அந்தப் பாட்டிலும் ஒரு விருந்தாளிதான் அவருக்கு. அதைப் புரிந்துகொண்டபோது என் அதிர்ச்சி குறையவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. கெட்டவரோடு சண்டை போடலாம், இவரோடு என்ன செய்ய?

பாட்டிலைக் கீழே கொட்டியிருக்கலாம். கிணறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். கிணறு எத்தனை, எத்தனை வீடு குடிக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு கேள்வி. கடந்த சில வருடங்களில் குடிநீரின் தன்மையிலோ ருசியிலோ மாற்றம் ஏற்பட்டுள்ளதா? அந்த இடத்தில் பேனா நின்றது. நிலைப்படியில் கொழுந்தனார் வந்து நின்றார். என்னிடம் அதிகம் பேசாதவர். "மதினி" என்றார்.  உள்ளறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது ஆண்பிள்ளை ஒருவர் கண்ணில் நீர் முட்ட நிற்பதை நான் அதற்கு முன்னால் பார்த்தது இல்லை.

இல்லை என்று எழுதினேன்.

 அழகாக, குண்டு குண்டாக எழுதினேன். பாட்டில் மேல் தாளில் ஊர்ப் பெயரும், பொதுக்கிணறு என்றும் எழுதி ஒட்டினேன். பெற்ற தாய் எழுதினேன் ஐயா, வேறு யாரும் இல்லை. ஊரை ஏமாற்றுக்காரர்கள் என்று ஏழெட்டு வருஷம் கரித்துக்கொட்டியவள், கேள்வி என்று ஒன்று எதிரே வந்தபோது ஊராகவே மாறிப்போனேன்.

சில மாதம் கழித்து எங்கள் ஊர் வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பெரிய மிஷின் லோடு லாரியில் போனது. எங்கள் ஊரில் நிற்கவில்லை. ஒன்றரை மைல் தள்ளி இருக்கும் பக்கத்து ஊருக்குப் போய் நின்றது. அந்த ஊர்க்காரர்களை நாங்கள் மானங்கெட்டவர்கள் என்போம். யூனியன் ஆள் வந்த அன்று அவர்கள் அவரை நேராகக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு செம்பு மொண்டு கையில் கொடுத்து, "குடிச்சுப் பாருங்கய்யா, அப்பத் தெரியும் எங்க பாடு" என்றார்களாம். அவர் குடித்த வேகத்தில் துப்பினாராம். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊரில் வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள். இப்போது அவர்கள் தெருவில் அடிபம்பு. கையை வைத்து நாலு அடி அடித்தால் நல்ல தண்ணீர்.

அடுத்த அடி கொழுந்தனாருக்கு விழுந்தது. நரிக்குடிப் பக்கத்துப் பெண்ணின் தகப்பனார் பேச்சைத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் பெண்ணை அந்த மானங்கெட்ட ஊரில் ஒரு பையனுக்கே கொடுத்துவிட்டார். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லி அனுப்பினார்: "அங்க வாசல்லயே அடிபம்பு இருக்கு." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஓர் ஊரே சேர்ந்து செய்தது. கொழுந்தனார் இரண்டு நாள் சாப்பிடவில்லை.  எனக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எந்தக் கல்யாணத்துக்காக என் பிள்ளையின் தண்ணீரை எழுதிக் கொடுத்தேனோ, அந்தக் கல்யாணமும் இல்லை.

மறுநாளே யூனியன் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். வீட்டில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். அங்கே ஒரு கிளார்க் இருந்தார். வயதானவர், மரியாதையான மனிதர். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, குடிக்க ஆகாது, பிள்ளைக்குக் கல்லடைப்பு, எங்களுக்கும் ஒரு போர் வேண்டும் என்று சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு கட்டை எடுத்துப் பிரித்துத் தேடினார். என் கையெழுத்து தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"என்னம்மா இப்பிடிச் சொல்றீங்க? மாற்றம் இல்லைன்னு எழுதியிருக்கு. சோதனையில இந்த யூனியன்லயே உங்க ஊர்த் தண்ணிதான் நல்ல தண்ணின்னு வந்திருக்கு" என்றார்.

"அந்தப் பாட்டில்ல இருந்தது எங்க ஊருத் தண்ணி இல்ல சார். குண்டாத்துத் தண்ணி. இந்தத் தாள்ல எழுதுனதும் நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அடிபம்பு வச்ச பிறகு தினமும் ஒரு ஊர்ல இருந்து ஆள் வந்து எங்க தண்ணி உப்புன்னு சொல்றாங்கம்மா. யாரை நம்ப? எழுதினப்ப சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"  அவர் கோபப்படவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் அடுத்ததைச் சொன்னார்: "மனுஷன் ஆயிரம் சொல்லுவான். அதனாலதான் பாட்டில்ல பிடிக்கிறோம். தண்ணி பொய் சொல்லாதும்மா."

 தண்ணீரையே பொய் சொல்லவைத்துவிட்டு வந்து நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன், நம்பவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அழுகைகூட வரவில்லை.

அந்த வாரமே மகளுக்கு ஒன்றுக்குப் போவது அடைத்துவிட்டது. அடிவயிறு உப்பி, காய்ச்சல் ஏறி, கண் சொருகிவிட்டது. அருப்புக்கோட்டை டாக்டர் பார்த்த உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். பஸ்ஸில் அவளை மடியில் போட்டுக்கொண்டு நான், பக்கத்தில் என் வீட்டுக்காரர், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமியார். பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் சுற்றி வந்தார். நர்ஸ் ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். புளியங்கொட்டைப் பருமனில் ஒரு கல். அதுதான் என் பிள்ளைக்குள் இருந்தது. டாக்டர் கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்: "எந்த ஊர்? அங்கே குடிதண்ணி எப்படி?"

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். "நல்ல தண்ணிங்கய்யா" என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். வெளியாள் கேட்டான், வாய் தானாகத் திறந்து பதில் சொல்லிவிட்டது. டாக்டர் அட்டையில் எழுதக் குனிந்தார். நான் பாய்ந்து போய் அவர் கையைப் பேனாவோடு சேர்த்துப் பிடித்தேன். "எழுதாதீக சார்! எழுதாதீக! பொய்யி! உப்பு சார், அம்புட்டும் உப்பு, ஆடு மாடுகூடக் குடிக்காது!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் என் தோளைப் பிடித்து இழுத்தாள். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஆமாய்யா, அவ சொல்றதுதான் நெசம்" என்றார். வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் கையை விடுவித்துக்கொண்டு, உப்புத் தண்ணீர் என்றே எழுதினார். "இனிமே அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க. இங்க வைகைத் தண்ணி, நல்ல தண்ணி. இன்னைலருந்து வாய்க்குக் குடுக்கலாம், நெறையக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாமியார் ஓடிப்போய் ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்தார். மகளின் தலையை அவர் தூக்கிப் பிடிக்க, நான் டம்ளரை அவள் உதட்டில் வைத்தேன். மூன்று நாளாக நாக்கு வறண்டு கிடந்த பிள்ளை, ஒரு மடக்குக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். கையால் டம்ளரைத் தள்ளினாள்.

"இந்தத் தண்ணி நல்லாவே இல்ல அப்பத்தா. சப்புன்னு இருக்கு" என்று சிணுங்கினாள். "எனக்கு நம்ம ஊரு நல்ல தண்ணி வேணும்."